நோயும் குணமும்

நாற்பது வயதுவரை அமைதியாக வாழ்ந்த ஒருவர் சிறுகச் சிறுக மாறுகின்றார். அற்பக் காரணங்களுக்குச் சீறுகின்றார், தொழிலில் நாட்டம் இழக்கின்றார், சோர்ந்து ஒடுங்குகின்றார். இல்லத்தார் இதனை என்னவென்று கொள்வர்? குணம் கெட்டுவிட்டது என்றே கொள்வர். ஆண்டுகள் சில சென்று, கைகால்கள் தாமாக ஆடத் தொடங்கிய பின்னரே, கெட்டது குணமன்று, மூளை என்பது தெரியவருகின்றது. அதற்கிடையில் ஒருவரையொருவர் நோக்கிச் சொல்லிய சொற்களை எவர் திரும்பப் பெறுவது?

ஹண்டிங்டன் நோய் இத்தகையது. 1872ஆம் ஆண்டில் ஜார்ஜ் ஹண்டிங்டன் என்னும் இளம் அமெரிக்க மருத்துவர் இதனை விவரித்தார். லாங் ஐலண்டில் மருத்துவர்களாயிருந்த அவருடைய தந்தையும் பாட்டனாரும் அந்நோய்க் குடும்பங்களைத் தலைமுறை தலைமுறையாகக் கண்டிருந்தனர். அது பரம்பரையாக வருவது, முதிர்ந்த வயதில் வலுப்பது, சித்தப் பிறழ்வுக்கும் தற்கொலைக்கும் இட்டுச் செல்வது என மூன்று இயல்புகளை அவர் குறித்தார். மனத்தின் துன்பம் முதற் குறிப்பிலேயே இடம்பெற்றிருந்தது. உலகமோ, கண்ணுக்குத் தெரிந்த உடலாட்டத்தையே நெடுங்காலம் நோயெனக் கருதிற்று.

பாடகர் உட்டி கத்ரியின் குடும்பக் கதை இதற்குச் சான்று. அவருடைய தாயார் 1927இல் ஒக்லஹோமாவில் மனநோய் விடுதியில் சேர்க்கப்பட்டு, 1930இல் மறைந்தார். மகனிடமும் தடுமாற்றம் தோன்றியபோது, பழி மதுவின்மீது விழுந்தது. 1952இல்தான் நோயின் உண்மைப் பெயர் தெரிந்தது. 1967இல், 55ஆம் வயதில், அவர் இறந்தார். மணவிலக்குப் பெற்றிருந்த மார்ஜரி அம்மையார் இறுதிவரை அவரைக் கவனித்து வந்தார். அவ்வாண்டிலேயே இந்நோய்க் குடும்பங்களுக்கென ஓர் அமைப்பையும் தொடங்கினார்.

இங்கு ஒரு வினா எழுகின்றது. சினம் நோயின் விளைவாயின், சினந்தவருக்குப் பொறுப்பே இல்லையா? இல்லத்தார் அனைத்தையும் பொறுத்தே தீரவேண்டுமா? பழி சுமத்தாதிருப்பது வேறு, தீங்கிற்கு உட்பட்டிருப்பது வேறு என்பதே நம் கருத்து. குழந்தைகளைக் காப்பதும் நோயாளியைக் காப்பதும் ஒன்றுக்கொன்று பகையல்ல. இந்நோயை முற்றிலும் போக்கும் மருந்து இன்றுவரை இல்லை. ஆயினும் இதனோடு வரும் மனச்சோர்வையும் கடுஞ்சினத்தையும் மருத்துவத்தால் தணிக்க இயலும். குணம் என்று நாம் பெயரிட்டால் கண்டிக்கின்றோம். நோய் என்று பெயரிட்டால் மருத்துவரை நாடுகின்றோம். ஆகவே சரியான பெயரிடுதல் வெறும் அறிவுச் செயலன்று. அஃது ஓர் அறக்கடமை.

இதற்கு மறுபுறமும் உண்டு. நோயுற்ற பெற்றோரின் ஒவ்வொரு பிள்ளைக்கும் அந்நோய் வரும் வாய்ப்பு பாதிக்குப் பாதி. 1993இல் இதற்குரிய மரபணு கண்டறியப்பட்டதால், முன்னரே சோதித்தறிய இயலும். எனினும் பெரும்பாலோர் சோதனையை நாடுவதில்லை. கைதவறி விழும் ஒரு குவளைகூட அவர்களை நடுங்கச் செய்கின்றது. மரபணுவைப் பெறாத பிள்ளைக்கும் துயரம் இல்லாமலில்லை. அச்சம் நிறைந்த இல்லத்தில் வளர்ந்த வடு உண்டு. உடன்பிறந்தார் நோயுறத் தாம் தப்பினோமே என்ற உறுத்தலும் உண்டு. அத்தகைய பிள்ளை நியாயமாகச் சினந்தாலும், "இவனுக்கும் தொடங்கிவிட்டது" என்று சொல்வோமாயின், அவனுடைய சினத்தை அவனிடமிருந்தே பறிக்கின்றோம். நோயைக் குணமென்பது ஒரு பிழை. குணத்தை நோயென்பது மற்றொரு பிழை.

இவ்விரண்டிற்கும் இடையே நடப்பது எளிதன்று. ஆயினும் தீர்ப்புக் கூறுமுன் "உமக்கு என்ன செய்கிறது?" என்று ஒருமுறை கேட்பது நம் அனைவர்க்கும் இயலும். அக்கேள்வி பிறக்கும் இல்லத்தில் நோய் நீங்காவிடினும், நோயாளி தனித்துவிடப்படமாட்டார்.