நமத்தது, ஊசியது

கெட்டுப்போன உணவுக்குத் தமிழில் ஒரே சொல் கிடையாது. சோறும் குழம்பும் ஊசிப்போகும். பால் திரிந்துபோகும். மாவு புளித்துப்போகும். பிஸ்கட்டும் முறுக்கும் நமத்துப்போகும். எண்ணெயில் சிக்கு வாடை வரும், பருப்பில் வண்டு விழும், ஊறுகாயில் பூஞ்சணம் பூக்கும். ஒவ்வொரு சொல்லுக்குள்ளும் அடுத்து என்ன செய்வது என்பதும் இருக்கிறது. நமத்த முறுக்கை வாணலியில் லேசாகச் சூடு காட்டலாம். புளித்த மாவில் ஊத்தப்பம் வார்க்கலாம். வண்டு விழுந்த பருப்பைப் புடைத்து வெயிலில் போடலாம். ஊசியது மட்டும் நேராகக் குப்பைக்குப் போகும்.

இந்த அகராதி முழுவதையும் இன்று ஒரே வாக்கியம் விழுங்கிவிட்டது: ‘டேட் முடிஞ்சிடுச்சு.’

மூக்கு போதும், தேதி எதற்கு என்று கேட்க வரவில்லை. உணவை நாறடிக்கும் கிருமிகளும் ஆளைப் படுக்கவைக்கும் கிருமிகளும் எப்போதும் ஒன்றல்ல. லிஸ்டீரியா ஃப்ரிட்ஜின் குளிரிலேயே வளரும். வாடை எதுவும் வராது. சோற்றில் இருக்கும் பேசில்லஸ் சீரியஸின் வித்துகள் கொதித்த பிறகும் உயிரோடு இருக்கும், வெளியிலேயே கிடக்கும் சோற்றில் பெருகும். ‘நம்ம பாட்டிக்குத் தெரியாததா’ என்று தொடங்கும் கட்டுரைகள் எனக்கு அலுத்துவிட்டன. பாட்டிக்குத் தெரியாததும் உண்டு.

என் பிரச்சினை வேறு. தேதியில் இரண்டு வகை. ஒன்று, இந்த நாளுக்குப் பிறகு ருசியோ மொறுமொறுப்போ குறையலாம் என்று சொல்வது: ‘பெஸ்ட் பிஃபோர்’. மற்றது, இதற்குப் பிறகு சாப்பிடாதே என்பது: ‘யூஸ் பை’, ‘எக்ஸ்பயரி’. முதலாவது நமத்தது, இரண்டாவது ஊசியது. நம் பேச்சில் முன்பே இருந்த வித்தியாசம்தான். இந்தியாவில் 2011 விதிகளின்படி பெரும்பாலான பொட்டலங்களுக்கு ‘பெஸ்ட் பிஃபோர்’ போதுமாக இருந்தது. உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020 லேபிள் விதிகள் ‘எக்ஸ்பயரி’யைக் கட்டாயமாக்கி, ‘பெஸ்ட் பிஃபோர்’ விரும்பினால் போட்டுக்கொள்ளலாம் என்றன. எக்ஸ்பயரி கடந்ததை விற்கவும் கூடாது, விநியோகிக்கவும் கூடாது. குழப்பம் தீரத்தான் செய்திருப்பார்கள். ஆனால் நமத்துப்போகக்கூடிய பிஸ்கட்டும் ஊசிப்போகக்கூடிய பனீரும் இப்போது ஒரே சொல்லின் கீழ் நிற்கின்றன.

புதுச்சேரியில் இந்த வித்தியாசத்தைக் கையில் எடுத்துப் பார்க்கலாம். இங்கே பல குடும்பங்களில் பாதிப் பேர் பிரான்ஸில். எங்கள் தெருவில் ஒரு சொல்தா வீட்டு அத்தை இருக்கிறார். மகன்கள் லீவுக்கு வரும்போது பெட்டி நிறையச் சாமான் வரும். பிரெஞ்சுப் பொட்டலத்தில் ‘இந்த நாளுக்கு முன் உண்பது நலம்’ என்பது ஒரு வாசகம், ‘இந்த நாள்வரை உண்க’ என்பது வேறு வாசகம். அத்தை கண்ணாடியை மாட்டிக்கொண்டு பிரித்து அடுக்குவார். ‘இதுல தேதி போனா ருசி போவும். அதுல தேதி போனா ஆளே போவும்’ என்பது அவருடைய மொழிபெயர்ப்பு. அரசு மொழிபெயர்ப்பாளர்கள் கவனிக்கவும்.

(‘குளிர்ந்த, உலர்ந்த இடத்தில் வைக்கவும்’ என்று போட்டிருக்கிறதே, அந்த இடம் அக்னி நட்சத்திரத்தில் புதுச்சேரியில் எங்கே இருக்கிறது? கடலிலிருந்து அரை கிலோமீட்டரில் உப்பு ஜாடியே அழுகிறது. தேதி என்பது நிபந்தனையோடு கொடுத்த வாக்கு. மதியம் மூன்று மணி நேரம் கரண்ட் போனது அதற்குத் தெரியாது.)

2022இல் உலகில் வீணான உணவு 105 கோடி டன் என்கிறது ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பு, அதில் 60 சதவீதம் வீடுகளில். இந்திய வீடுகளில் ஆளுக்கு ஆண்டுக்குச் சுமார் 55 கிலோ. தோலும் எலும்பும் சேர்த்த கணக்குதான், இருந்தாலும் ஓர் ஆள் எடை. ஆனால் இந்தக் கணக்கில் எந்தப் பக்கம் எழுதுவது என்று எனக்குத் தெரியாத ஒரு பொருள் இருக்கிறது. தேதி முடிந்ததும் நாம் குப்பையில் போடாமல் வேறொருவர் கையில் கொடுக்கும் பொட்டலம்.

‘இந்தாக்கா, நேத்துதான் டேட் முடிஞ்சுது. ஒண்ணும் ஆவாது, புள்ளைங்களுக்குக் குடு.’ இந்த வாக்கியத்தைக் கேட்காத அடுக்ககம் இந்த ஊரில் இருக்குமா? ஒன்றும் ஆகாது என்றால் நம் பிள்ளைகளுக்கு ஏன் கொடுக்கவில்லை? ஆகும் என்றால் அந்தப் பிள்ளைகளுக்கு எப்படிக் கொடுக்கிறோம்? ‘வீணாப் போறதுக்கு யாராவது சாப்பிட்டா நல்லதுதானே’ என்பார்கள். அந்த ‘யாராவது’தான் என்னை உறுத்துகிறது. தேதி உணவைப் பற்றிப் பேசுகிறது. நாம் அதை ஆட்களைப் பற்றிய விஷயமாக மாற்றிவிடுகிறோம். ஒரே பால் பாக்கெட் இந்த வயிற்றுக்கு ஆகாது, அந்த வயிற்றுக்கு ஆகும்.

பிரான்ஸ் 2016 பிப்ரவரியில் ஒரு சட்டம் கொண்டுவந்தது. 400 சதுர மீட்டருக்கு மேற்பட்ட பேரங்காடிகள் விற்காமல் மிஞ்சிய, இன்னும் உண்ணத் தகுந்த உணவை வேண்டுமென்றே பாழாக்கக் கூடாது. தொண்டு அமைப்புகளோடு ஒப்பந்தம் போட்டுக் கொடுக்க வேண்டும். முன்பெல்லாம் குப்பைத்தொட்டியில் கிடப்பதை யாரும் எடுத்துவிடக் கூடாதென்று சில கடைகள் ப்ளீச்சிங் திராவகம் ஊற்றினவாம். ‘உண்பது நலம்’ தேதி தாண்டியதை அங்கே கொடுக்கலாம், விற்கவும் செய்யலாம். ‘இந்த நாள்வரை’ தேதி தாண்டியதை ஏழைக்கும் கொடுக்க முடியாது. பிரெஞ்சுக்காரர்கள் இந்த ஊரில் பண்ணியதற்கெல்லாம் நான் கைதட்டுகிறவன் இல்லை. ஆனால் இந்தக் கோடு வாங்குபவரின் மேல் விழாமல் உணவின் மேல் விழுகிறது.

வீடுகளுக்கு அப்படிச் சட்டம் போட முடியாது, போடவும் வேண்டாம். எங்கள் பகுதியில் நான்கு வீடுகளில் வேலை செய்யும் ஓர் அக்காவிடம் ஒருநாள் கேட்டேன்: அவங்க குடுக்குறதையெல்லாம் என்ன செய்வீங்க?

‘பிஸ்கட்டு, நூடுல்ஸுன்னா ஒடச்சிப் பாப்பேன், நல்லா இருந்தா எடுத்துட்டுப் போவேன். பாலு, தயிரு, கறின்னா தெரு முனைத் தொட்டியிலயே போட்டுட்டுப் போயிடுவேன்.’

அங்கேயே வேண்டாமென்று சொல்லிவிடலாமே என்றேன்.

‘சொல்லலாம். அப்புறம் நல்லதையும் குடுக்க மாட்டாங்க.’