மற்றப் பதின்மூன்று கட்டில்கள்

பணம் கொடுத்துப் பிறரிடம் ஒப்படைத்த கடமை நம்மை விட்டுப் போய்விடுகிறதா என்பது பழைய கேள்விதான். பிள்ளைகள் கடல் கடந்து போய்விட்ட அடையாறு, தியாகராய நகர் வீடுகளில் அது இன்று மாதாமாதம் எழுகிறது. ரசீது வந்ததும் அடங்கிவிடுகிறது.

நர்சிங் ஹோம் என்றால் நம் ஊரில் பிரசவத்துக்குப் போகிற இடம். முதியோரை வைத்துப் பார்க்கிற இடத்துக்கு 'இல்லம்' என்று பெயர் வைத்திருக்கிறோம். பெயர் இனிமையாக இருப்பதாலோ என்னவோ, உள்ளே போய்ப் பார்க்க வேண்டும் என்று நமக்குத் தோன்றுவதில்லை.

2018 பிப்ரவரியில் காஞ்சிபுரம் மாவட்டம் பாலேஸ்வரத்துக் கருணை இல்லம் பத்திரிகைகளில் அடிபட்டது வாசகர்களுக்கு நினைவிருக்கலாம். அந்த இல்லத்தின் வண்டி ஒன்றில் ஒரு பிணமும், உயிரோடு இரண்டு முதியவர்களும், காய்கறி மூட்டைகளும் சேர்ந்து இருந்தன. உள்ளே இருந்த மூதாட்டி கூச்சலிட்டதால் விஷயம் வெளியே வந்தது. அதிகாரிகள் சோதனையிட்டு, அங்கிருந்தவர்களை வேறு இல்லங்களுக்கு மாற்றினார்கள். நிர்வாகத்தார் குற்றச்சாட்டுகளை மறுத்தார்கள். வழக்கின் நியாயத்தை நான் பேச வரவில்லை. அந்த அம்மாளுக்குக் கத்தத் தெம்பிருந்தது. தெம்பில்லாதவர்கள் என்ன செய்வார்கள்?

"எப்படிம்மா இருக்கே?" என்று மகன் கேட்கிறான். பக்கத்தில் ஆயா நிற்கிறாள். "எனக்கென்ன குறை? ராஜாத்தி மாதிரி பார்த்துக்கறா" என்கிறாள் தாய். மகன் ஐந்து மணிக்குப் போய்விடுவான். ராத்திரி தண்ணீர் கொடுக்க வேண்டியவள் ஆயா. அந்தப் பதிலை எந்த நீதிபதியும் சாட்சியமாக ஏற்க மாட்டார். உடம்பைத்தான் கேட்க வேண்டும். குதிகாலையும் இடுப்பின் பின்புறத்தையும் பாருங்கள். இரண்டு மணிக்கு ஒருதரம் புரட்டிப் படுக்க வைத்தால் படுக்கைப் புண் பெரும்பாலும் வராது. நாக்கு வறண்டிருக்கிறதா, மணிக்கட்டில் துணி கட்டிய தடம் இருக்கிறதா, பட்டப்பகலிலும் மாத்திரை மயக்கமா, தண்ணீர்ச் செம்பு கைக்கு எட்டுகிறதா? சொல்லாமல் ஒருநாள் சாப்பாட்டு வேளையில் போய் நில்லுங்கள்.

மந்தைவெளியில் இருக்கும் என் சிநேகிதர் அப்படித்தான் போய் நின்றார். தாயாரின் இடுப்பில் உள்ளங்கை அகலத்துக்குப் புண். மறுநாளே டாக்சி வைத்து அழைத்து வந்துவிட்டார். இல்லத்துக்காரர் மீதி முன்பணத்தை மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தாராம்.

"அந்த ஹாலில் எத்தனை கட்டில்?" என்று கேட்டேன்.

"பதினாலு" என்றார். பிறகு சற்று நேரம் பேசவில்லை.

அவர் பக்கத்திலும் நியாயம் உண்டு. புகார் செய்தால் முதலில் வேலை போவது ஆயாவுக்கு. பதினாலு பேருக்கு அவள் ஒருத்தி. ஆனால் புகாரில் அவளைப் பற்றி எழுத வேண்டும் என்று யார் சொன்னார்கள்? பதினாலு பேருக்கு ஒருத்தியை வைத்தவரைப் பற்றி எழுதலாம். டாக்டரின் சான்றும் தேதியிட்ட புகைப்படமும் சேர்த்து மாவட்டச் சமூகநல அலுவலரிடம் கொடுக்கலாம். 14567 என்ற முதியோர் உதவி எண்ணுக்குக் காசில்லாமல் பேசலாம். அடி, திருட்டு என்றால் நேரே போலீசுக்கே போக வேண்டியதுதான்.

சட்டமும் இருக்கிறது. 2007-ஆம் ஆண்டுச் சட்டப்படி, முதியவரைப் பொறுப்பில் வைத்திருப்பவர் அறவே கைவிடும் எண்ணத்தோடு அவரை ஓரிடத்தில் விட்டுப் போனால் 3 மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மாதம் தவறாமல் பணம் அனுப்பி, வருஷக்கணக்கில் எட்டிப் பாராத பிள்ளை இதில் அகப்படுவது கடினம். அவனிடம் ரசீது இருக்கிறதே!

சிநேகிதர் ஒரு வாரம் யோசித்துவிட்டு எழுத உட்கார்ந்தார். என்னென்ன எழுதலாம் என்று தாயாரையே கேட்டாராம். அந்த அம்மாள் தன் புண்ணைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. "ஜன்னலோரக் கட்டில்காரி நாம கிளம்பறச்சேயே ரெண்டு நாளா சாப்பிடலை. அதை முதல்லே எழுது" என்றாளாம்.