பெற்றோர் கடனைப் பிறர் ஏற்றல் கூடுமோ?

பிள்ளை ஐந்து வயது நிரம்பிப் பாடசாலையிற் சேருங் காலத்திலே, அதனை வளர்க்குங் கடனில் ஒரு பகுதி பெற்றோரை விட்டு ஆசிரியர்பாற் செல்கின்றதோ? அன்றி, அக்கடன் முழுவதும் பெற்றோர்பாலே நிற்க, ஆசிரியர் அதற்குத் துணையாக மாத்திரம் வருகின்றனரோ? இவ்வினா எளியதுபோலத் தோன்றும். ஆயினும், ஆரம்ப வகுப்புக்களிலே கற்பிக்கும் நம்மனோர் நாடோறும் எதிர்ப்படும் இடர்களிற் பல, இதற்குத் தெளிந்த விடை காணாமையாலே விளைவன. ஆதலின் இதனைச் சிறிது ஆராய்வாம்.

முன்னோர் இதனைக் கருதியவாற்றுக்குப் புறநானூற்று 312ஆம் பாட்டு ஒரு சான்றாகும். பொன்முடியார் அதிலே ஒரு மகனை ஆளாக்கும் பொறுப்பைத் தாய்க்கும், தந்தைக்கும், கொல்லனுக்கும், வேந்தனுக்கும் பகுத்துரைக்கின்றார். சான்றோனாக்குதல் தந்தையின் பங்காயிற்று. சான்றோன் என்னுஞ் சொல்லுக்கு ஈண்டு வீரன் எனப் பொருள் கொள்வாரும் உளர். எப்பொருள் கொள்ளினும், மகன் எத்தன்மையன் ஆதல் வேண்டுமென்பதற்குத் தந்தையே பொறுப்பாளி. ஆசிரியனுக்கு அப்பாட்டிலே பங்கில்லை. இதனால் ஆசிரியனைப் புலவர் மதித்திலர் எனக் கொள்ளற்க. எழுத்தும் எண்ணும் கற்றல் வேறு, நல்லாளாதல் வேறு என்பதும், பின்னையது வீட்டினின்று வரவேண்டுமென்பதும் இதனால் நாம் சிந்திக்கத்தக்கன.

திண்ணைப் பள்ளிக்கூடக் காலத்திலே, “கண்ணிரண்டையும் விட்டு மற்றதெல்லாம் உமக்கே” என்று சொல்லிப் பிள்ளையைச் சட்டம்பியாரிடம் ஒப்புவித்தல் வழக்கம். ஆசிரியர்மேல் வைத்த நம்பிக்கை அவ்வழக்கிலிருந்த நன்மை. அறிவையும் ஒழுக்கத்தையும் ஒருங்கே பிறர் கையிற் கொடுத்துவிட்டுத் தாம் ஓய்ந்திருத்தல் அதிலிருந்த தீமை. பிரம்பு போயிற்று, ஒப்புவித்து ஓய்ந்திருக்கும் மனம் போகவில்லை. 1998ஆம் ஆண்டு முதல் இலங்கையிலே 5 வயது தொடக்கம் 14 வயது வரையுள்ள பிள்ளைகள் பாடசாலைக்குச் செல்லுதல் கட்டாயமாயிற்று. 2016ஆம் ஆண்டிலே அவ்வெல்லை 16 வயதாக உயர்த்தப்பட்டது. இது மிக நன்று. ஆயின், பிள்ளையை அனுப்புக என்று சொல்லவே சட்டத்தால் இயலும். அனுப்பியபின் வீட்டிலே செய்யத்தக்கது யாதென்று சட்டஞ் சொல்லாது. அதனை அறமே சொல்லவேண்டும்.

ஒரு சிறு கணக்கைப் பார்ப்போம். பாடசாலை ஆண்டுக்கு ஏறக்குறைய 200 நாள், நாளொன்றுக்கு 6 மணி நேரம் எனக் கொள்ளினும், 1,200 மணியே ஆகும். ஓராண்டுக்கு உரியன 8,760 மணி. நாளொன்றுக்கு 10 மணி நேரத்தை நித்திரைக்கென்று கழித்தாலும் எஞ்சுவன 5,110 மணி. ஆகவே, பிள்ளை விழித்திருக்குங் காலத்தில் நாற்கூற்றில் ஒரு கூறுதானும் ஆசிரியர் கையில் இல்லை. அக்கூற்றையும் ஒரு வகுப்பிலுள்ள பிள்ளைகள் எல்லாருக்கும் அவர் பகிர்தல் வேண்டும். எஞ்சிய மூன்று கூறும் வீட்டினவும் வீதியினவுமேயாம்.

இனி, கடனை ஆசிரியரிடம் விட்டுவிடும் பெற்றோர் ஒரு வகையினர். பிள்ளையின் கடனையும் தாமே பறித்துக்கொள்ளும் பெற்றோர் மற்றொரு வகையினர். ஆசிரியர் ஓர் ஒப்படை கொடுக்கின்றார். வீடொன்றின் மாதிரியைக் காகித மட்டையாற் செய்து வருக என்கின்றார். மறுநாள் வருவது தந்தை இராக்கண் விழித்துச் செய்த மாளிகை, அன்றேற் கடையிற் காசு கொடுத்து வாங்கியது. பிள்ளை தன் பெயரை மாத்திரம் அதில் எழுதியிருக்கும். அதற்கு நாம் நிறைந்த புள்ளி இடுகின்றோம். தன் கையாலே கோணலாக ஒட்டிக் கொணர்ந்த பிள்ளைக்குக் குறைந்த புள்ளி இடுகின்றோம். அன்று அவ்விரு பிள்ளைகளும் கற்ற பாடம் யாது? பிறர் உழைப்பைத் தன் பெயராற் காட்டினாற் புகழுண்டு என்பதை ஒரு பிள்ளை கற்றது; உண்மையான உழைப்புக்கு மதிப்பில்லை என்பதை மற்றப் பிள்ளை கற்றது. அன்பினாலே செய்தோம் என்பர் பெற்றோர். அன்பு உண்மைதான், ஆனால், அது பிள்ளையைப் பொய்யிலே பழக்கிற்று.

ஐந்தாந்தரப் புலமைப்பரிசிற் பரீட்சையை ஒட்டி நிகழ்வனவும் இத்தன்மையனவே. வறிய பிள்ளைகளிலே திறமையுடையார்க்கு உதவிப்பணம் அளித்தலும், நல்ல பாடசாலையிற் புகுதற்கு வழிசெய்தலும் அதன் நற்பயன்கள். அப்பரீட்சையோ பெற்றோர் தம்முட் பொரும் போர்க்களமாயிற்று. பத்து வயதுப் பிள்ளை விடியற்காலத்திலே ஒரு தனியார் வகுப்புக்கும், மாலையிலே வேறொன்றுக்கும் ஓடுகின்றது. வெட்டுப்புள்ளியைத் தாண்டிய பிள்ளையின் படம் பத்திரிகையிலே வருகின்றது. தாண்டாத பிள்ளை அன்றிரவு தாயின் முகத்தைப் பார்க்கின்றது. தான் முன்போலவே வேண்டப்படும் பிள்ளையோ, அன்றோ என்பதை அம்முகத்திலேதான் அது வாசிக்கும். அவ்வேளையிலே தாயின் முகம் சொல்லும் விடையைப் பின்னர் எந்த ஆசிரியரும் மாற்றி எழுதல் அரிது.

அங்ஙனமாயின், விடுதலும் தவறு, பறித்தலும் தவறு எனின், பெற்றோர் செய்யத்தக்கது யாது? ஆசிரியர் சொல்லைக் கற்பிக்கின்றார். அச்சொல்லுக்குப் பொருள் வீட்டிலே கிடைக்கின்றது. உண்மை பேசவேண்டும் என்பதைப் பிள்ளை வகுப்பிலே பத்துமுறை எழுதுகின்றது. மாலையிலே கடன் கொடுத்தவர் படலையில் வந்து அழைக்கின்றார். “அப்பா வீட்டில் இல்லையென்று போய்ச் சொல்லு” என்று தந்தை உள்ளிருந்து பிள்ளையை ஏவுகின்றார். உண்மை பேசுதலென்பது கொப்பியிலே எழுதுதற்குரியதொன்று என்னும் பொருளைப் பிள்ளை அன்று அறிந்துகொள்கின்றது. அதே தந்தை எழுந்து சென்று, “இம்மாதம் இயலாது, அடுத்த மாதம் தருவேன், பொறுத்தருளும்” என்று சொல்லக் கேட்கும் பிள்ளைக்கு, எந்தப் பாடநூலும் தராத பொருள் கிடைக்கின்றது. இச்செயலைத் தந்தைக்குப் பதிலாக ஆசிரியர் செய்தல் கூடாது. ஆதலினாலே இக்கடன் பிறரால் ஏற்கப்படுவதன்று.

“பெற்றோர் குற்றமற்றவராயிருந்தாலன்றிப் பிள்ளை வளர்த்தல் இயலாதோ?” என்று ஒருவர் வினவலாம். அங்ஙனமன்று. குற்றமில்லாப் பெற்றோரைப் பிள்ளை எங்குங் காணாது. தாம் செய்த பிழையைப் பிள்ளை அறியப் பிழையென ஒப்பித் திருத்திக்கொள்ளும் பெற்றோர், பிழையே செய்யாதார்போல நடிப்பாரினும் நன்றாகக் கற்பிக்கின்றனர்.

“கல்லாதவரும், கூலிக்குச் செல்வாரும், தந்தை அயல்நாட்டிலிருக்கத் தனித்திருக்கும் தாயரும் இதனை எவ்வாறு செய்வர்? 1983ஆம் ஆண்டு முதல் 2009ஆம் ஆண்டு வரை நடந்த போரிலே பெற்றோரை இழந்து, பேர்த்தியார் கையிலே வளர்ந்த பிள்ளைகள் எத்தனை பேர்!” என்று மற்றொருவர் வினவலாம். இது மெய்யான தடை. ஆயினும் இக்கடனுக்குப் பொருளும் வேண்டா, பெருங்கல்வியும் வேண்டா. வளர்ப்பவர் எவரோ அவரே இதற்கு உரியவர். குறித்த நேரத்திலே பிள்ளையை நித்திரைக்கு அனுப்புதல், அந்நேரத்திற் கைத்தொலைபேசியைத் தாமும் வைத்துவிடுதல், முற்றங் கூட்டுதல் போல்வதொரு சிறு வேலையைப் பிள்ளைக்கே உரியதாக விடுதல், நாடோறும் பத்து நிமிடமேனும் பிள்ளை வாசிப்பதைக் கேட்டல் ஆகிய இவை போதும். எழுத்தறியாத தாயும் அடுப்படியிலிருந்து, “பிறகென்ன நடந்தது, ராசா?” என்று கேட்டல் கூடும். அவ்வொரு கேள்வியினாலே, தான் கற்பது தாய்க்கு வேண்டிய பொருளென்பதைப் பிள்ளை உணரும். விலை கொடுத்து வாங்கும் வகுப்பிலே இது கிடைப்பதன்று.

ஆசிரியர்காள், இக்கடன் பெற்றோருடையது என்றமையால் நம் பொறுப்புக் குறைந்ததென்று எண்ணற்க. பெற்றோரைக் குற்றஞ் சொல்லுதற்கு மாத்திரம் அழைக்கும் பாடசாலைக்கு அவர் அஞ்சி ஒளிப்பர். பிள்ளை ஒரு நல்ல காரியஞ் செய்த நாளிலும் அவர்க்குச் சொல்லியனுப்புவோமாக. வறிய தாயொருத்தி வந்தால், அவளை வாயிலிலே நிறுத்தாது இருக்கை கொடுத்துப் பேசுவோமாக; தன் தாய் மதிக்கப்பட்டதைப் பார்த்த பிள்ளை அத்தாய் சொல்லைத் தானும் மதிக்கும். கோணலாயினும் பிள்ளை தன் கையாற் செய்ததற்கே புள்ளி இடுவோமாக. நம்மிற் பலர் பெற்றோருமாவோம். பிறர் பெற்றோர்க்கு நாம் சொல்வதை, நம் வீட்டுப் படலையிலே ஒருவர் வந்து அழைக்கும்போது நாமும் செய்தல் வேண்டும்.

ஆரம்பப் பாடசாலைக்குரிய காலம் ஐந்தாண்டே. அதற்குள்ளே எழுத்தையும் எண்ணையும் நாம் கொடுத்துவிடலாம். அவற்றை எதற்குப் பயன்படுத்துவது என்பதைப் பிள்ளை தன் வீட்டாரைப் பார்த்தே தெரிந்துகொள்ளும்.