இரவல் கொடுக்கத் தகுந்த ட்ரில்

கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று என்று நீளும் எங்கள் கிழக்கிலங்கைக் கரையோர ஊர்களில் ஒரு வீட்டுக்கு ட்ரில் மெசின் தேவைப்படுவது எப்போதாவதுதான். திரைச்சீலைக் கம்பி பூட்ட வேண்டும், சுவரில் ஒரு ராக்கை அடிக்க வேண்டும், தண்ணீர்க் குழாயைப் பிடித்து வைக்கக் கிளிப் இறுக்க வேண்டும். வருஷத்துக்குச் சில துளைகளோடு வேலை முடிந்துவிடும். முதன்முதலாக ஒன்று வாங்கப் போகிறவர் எது மலிவு, எது உழைக்கும் என்று கடையில் விசாரிப்பது நியாயமே. ஆனால் அதற்கு முன்பே மார்க்கம் ஒரு கேள்வி கேட்கிறது: பெரும்பாலான நாட்கள் சும்மா கிடக்கப் போகும் ஒரு பொருளை ஒருவர் தனக்கென்று மட்டும் வைத்திருப்பது முறையா? இரவல் கொடுக்கும் நிய்யத்தோடு வாங்கினால் முறை என்பது என் கருத்து. அந்த நிய்யத்தே எப்படிப்பட்ட மெசினை வாங்குவது என்பதையும் தீர்மானித்துவிடும்.

இதற்கு முதல் ஆதாரம் நாம் சிறுவயதிலேயே மனனம் செய்த ஸூரத்துல் மாஊன். ஏழே வசனங்கள். தீர்ப்பு நாளைப் பொய்யாக்குபவன், அநாதையை விரட்டுபவன், ஏழைக்கு உணவளிக்கத் தூண்டாதவன், தொழுகையில் பராமுகமாக இருப்பவன், பிறர் காண வணங்குபவன் என்று ஒரே மனிதனின் குணங்களை அடுக்கிக்கொண்டே வந்து, சிறு பொருளைக்கூடப் பிறருக்குக் கொடாமல் தடுக்கும் குணத்தில் அந்த அத்தியாயம் முடிகிறது. வாளியும் பானையும் இரவல் கொடுப்பதையே நபிகளார் (ஸல்) காலத்தில் தாங்கள் அந்தச் சிறு பொருளாகக் கருதியதாக இப்னு மஸ்ஊத் (ரழி) சொன்ன செய்தி அபூதாவூதில் பதிவாகியிருக்கிறது. வீட்டுக்கு வீடு கைமாறிய அந்தச் சாமான்களின் வரிசையில் இன்று ட்ரில் மெசினும் நிற்கிறது. எப்போதாவது தேவைப்படும், கொடுத்தால் குறையாது, இல்லாதவருக்கு வேலை நின்றுபோகும்.

இங்கே ஒரு மறுப்பு எழலாம். அந்த வசனம் ஸகாத்தைக் குறிக்கிறது என்று விளக்கிய ஸஹாபாக்களும் உண்டு. இரவல் கொடுப்பது பொதுவாக ஸுன்னத்தே, அவசரத் தேவை இருந்தால் மட்டுமே கடமையாகும் என்பதுதான் ஷாபிஈ மத்ஹபின் சட்டம். உண்மைதான். அடுத்த வீட்டுக்கு ட்ரில் கொடுக்காதவர் பாவி என்று பத்வா சொல்வது என் நோக்கமல்ல. ஆனால் கடமையா ஸுன்னத்தா என்ற எல்லையோடு இந்தக் கேள்வி முடிவதில்லை. செலவு செய்யும்போது விரயமும் இன்றி உலோபமும் இன்றி நடுநிலையில் நிற்பவர்களை ஸூரத்துல் புர்கான் புகழ்கிறது. ஒரே மதிலுக்கு இந்தப்பக்கமும் அந்தப்பக்கமும் இரண்டு ட்ரில்கள் துருப்பிடித்துக் கிடப்பது அந்த இரு குற்றங்களையும் ஒன்றாகச் சேர்க்கிறது. தேவைக்கு மிஞ்சி வாங்கியது விரயம். வாங்கியதைப் பூட்டி வைத்தது உலோபம். விலை மலிவு என்பது இதற்குச் சமாதானமாகாது. 2022இல் ஒரு டொலர் சுமார் 200 ரூபாயிலிருந்து 360 ரூபாய் வரை ஏறியபோது, இறக்குமதிச் சாமான் ஒவ்வொன்றும் நாட்டின் கையிருப்பைத் தின்கிறது என்பதை இலங்கையர் எல்லோரும் பட்டு அறிந்துகொண்டோம்.

எங்கள் ஊர்களின் அமைப்பும் இந்த வாதத்துக்குத் துணை நிற்கிறது. கிழக்கில் வீடு பெண்ணுக்குக் கொடுக்கப்படுகிறது. மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருகிறார். அதனால் உம்மாவின் வளவைச் சுற்றியே அக்கா, தங்கைமாரின் வீடுகள் எழுகின்றன. நெருக்கமான காணித்துண்டுகளில் ஒரு வீட்டுச் சுவரைத் துளைக்கும் சத்தம் பல வீடுகளுக்குக் கேட்கும். இப்படி வாழ்கிறவர்களுக்கு வீட்டுக்கொரு ட்ரில் தேவையே இல்லை. மச்சான்மார் சேர்ந்து பணம் போட்டு, தனித்தனியே வாங்கக்கூடியதைவிடத் தரமான ஒன்றை வாங்கலாம்.

கொடுத்த சாமான் உடைந்து வருகிறது, அல்லது வருவதே இல்லை என்பது அடுத்த மறுப்பு. இதை மனக்குறுகல் என்று ஒதுக்குவது நியாயமல்ல. அந்த அனுபவம்தான் பல நல்ல மனிதர்களின் கையை மூட வைத்திருக்கிறது. பிக்ஹு நூல்கள் இதை அறிந்தே சட்டம் வகுத்திருக்கின்றன. ஷாபிஈ மத்ஹபில் இரவல் வாங்கியவர் அந்தப் பொருளுக்குப் பொறுப்பாளி. அனுமதித்த வேலையைச் செய்யும்போது ஏற்படும் தேய்மானத்துக்கு அவர் ஈடு தர வேண்டியதில்லை. வேறு வகையில் அழிந்தால் ஈடு உண்டு. உரியவரின் அனுமதியின்றி மூன்றாமவருக்குக் கொடுக்க முடியாது. திருப்பிக் கொண்டுவந்து சேர்க்கும் செலவும் அவருடையதே. ஹனபி மத்ஹப் இரவலை அமானிதமாகக் கருதி, வரம்பு மீறினால் மட்டுமே ஈடு கேட்கிறது. எங்கள் ஊர்களின் வழக்கம் ஷாபிஈ என்பதால் விடை தெளிவு: துளைக்கும் பிட் வேலையில் மழுங்கினால் பேசாமல் விடலாம், மெசினை மழையில் போட்டுப் பழுதாக்கினால் ஈடு தர வேண்டும். இதைக் கொடுக்கும்போதே சொல்லிவிட்டால் உறவு கெடாது. சொல்லாமல் கொடுத்துவிட்டு மனதுக்குள் கணக்கு வைத்திருப்பதுதான் உறவைக் கெடுக்கிறது.

இரவல் கேட்பது கௌரவக் குறைவு, கையேந்துவதை இஸ்லாம் விரும்பவில்லையே என்றும் சிலர் தயங்குவார்கள். யாசகம் வேறு, இரவல் வேறு. மதீனாவில் ஓரிரவு அச்சம் பரவியபோது நபிகளார் (ஸல்) அபூதல்ஹாவின் குதிரையை இரவல் வாங்கி ஏறிச் சென்றார்கள். ஹிஜ்ரி 8இல் ஹுனைன் போருக்கு முன், அப்போது இஸ்லாத்தை ஏற்றிராத ஸப்வான் இப்னு உமையாவிடம் கவசங்களைக் கேட்டார்கள். பறிக்கிறீர்களா என்று அவர் வினவியபோது, பொறுப்பேற்றுத் திருப்பித் தரும் இரவல்தான் என்று உறுதி கொடுத்தார்கள். மக்கா வெற்றிக்குப் பின், கேளாமலே எடுக்கக்கூடிய பலம் இருந்தும் கேட்டு வாங்கினார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். இரவலுக்கு மதம் தடையல்ல என்பதையும் இந்தச் சம்பவம் காட்டுகிறது. முஸ்லிம் ஊரும் தமிழ் ஊரும் ஒன்றையொன்று ஒட்டிக் கிடக்கும் இந்தக் கரையில், அயல் தமிழ் ஊரான காரைதீவிலிருந்து ஒருவர் மெசின் கேட்டு வந்தால் கொடுப்பதற்கு இதைவிட வேறு ஆதாரம் தேவையில்லை.

ஆகவே, இரவல் கொடுக்கத் தகுந்த ட்ரில் எது? எங்கள் 230 வோல்ட் மின்சாரத்தில் ஓடும், வயர் உள்ள, 500 முதல் 650 வோட்ஸ் வரையான, 13 மில்லிமீற்றர் பிட் பிடிக்கும் ஹேமர் ட்ரில். கல்லுக்கும் சீமெந்துக்கும் ஹேமரைப் போட்டும், மரத்துக்கு நிறுத்தியும் வேலை செய்யலாம். பற்றரி மெசின் கைக்கு இலகு. ஆனால் பயன்படுத்தாவிட்டாலும் பற்றரிக்கு வயதாகும். மாதக்கணக்கில் சும்மா கிடக்கும் பொருளுக்கு வயரே ஏற்றது. கொங்கிறீட் பீமில் ஆழமான துளை போட வேண்டுமானால் இதை வதைக்காமல், அதற்குரிய பெரிய மெசினை ஒரு நாள் வாடகைக்கு எடுப்பதே சிக்கனம். ஆக மலிவானதை வாங்கி அது இரண்டாவது வீட்டிலேயே புகைந்துவிட்டால், நட்டம் பணத்தோடு நிற்காது. அடுத்தவர் கேட்கவும் வாங்கியவர் கொடுக்கவும் கூசுவார்கள். வாளி யாரையும் காயப்படுத்தாது, மின்கருவி காயப்படுத்தும். எனவே வயர் வெடித்திருந்தால் திருத்திய பின்பே கொடுக்க வேண்டும். தெரிந்த பழுதை மறைத்துக் கொடுப்பது உதவியல்ல.

இதை வளவைத் தாண்டியும் கொண்டு செல்லலாம். அசையும் பொருளையும் வக்பு செய்யலாம் என்பது ஷாபிஈ சட்டம். காலித் இப்னுல் வலீத் (ரழி) தம் கவசங்களை அல்லாஹ்வின் பாதையில் ஒதுக்கி வைத்த ஹதீஸ் அதற்கு ஆதாரமாகக் காட்டப்படுகிறது. அமெரிக்காவின் பெர்க்லி நகர நூலகம் 1979 முதல் கருவிகளை இரவல் கொடுத்து வருகிறது. ஜனாஸாவுக்குச் சந்தூக்கைப் பொதுவில் வைத்திருக்கும் நமது பள்ளிவாசல்களுக்கு இப்படிக் கருவியைப் பொதுவில் வைப்பது புதிய சிந்தனையல்ல. ஒரு ட்ரில், சில பிட்டுகள், யார் எப்போது கொண்டுபோனார் என்று எழுத ஒரு கொப்பி, பொறுப்புக்கு ஒருவர். முதலில் வாங்குகிறவர் தன் மர்ஹூமான பெற்றோரின் பெயரால் அதை வக்பு செய்தால், ஏழை வீட்டுச் சுவரில் போடப்படும் ஒவ்வொரு துளையும் அவர்களுக்குச் சேரும் ஸதகத்துல் ஜாரியாவாகும் என்று நம்பலாம். அது முடியாதவர் தன் வீட்டிலேயே வைத்திருக்கட்டும். ஆனால் கேட்டு வருபவருக்கு இல்லை என்று சொல்லத்தான் வாங்குகிறார் என்றால், அந்தப் பணத்தை அவர் கையிலேயே வைத்திருப்பது நல்லது.