ஆலோசகரின் கடனும் நம் காசும்

கடனில் இருப்பவர் அடுத்தவருக்குப் பண ஆலோசனை சொல்லலாமா? கேட்டவுடனே ‘கூடாது’ என்கிறோம். தன் வரவு செலவையே பார்த்துக்கொள்ளத் தெரியாதவர் என்று முத்திரை குத்துகிறோம். இந்த அவசரத் தீர்ப்பில் பகுத்தறிவு இல்லை.

அப்பாவின் டயாலிசிஸ், தங்கையின் கல்யாணம், பிள்ளையின் கல்லூரிக் கட்டணம் என்று வட்டிக்கு வாங்காத நடுத்தரக் குடும்பம் எத்தனை? பிரிட்டனில் நிதித் துறையைக் கண்காணிக்கும் எஃப்.சி.ஏ., ஒருவருக்கு வசதி குறைவு என்பதாலேயே அவர் பொறுப்புக்குத் தகுதியற்றவர் ஆகிவிட மாட்டார் என்று தன் வழிகாட்டுக் குறிப்பிலேயே எழுதி வைத்திருக்கிறது. நீதிமன்றம் கட்டச் சொன்ன கடனைக் கட்டினாரா, திவாலானாரா என்பது போன்றவற்றைத்தான் அது விசாரிக்கிறது.

நாம் விசாரிப்பதில்லை, பகட்டைப் பார்த்து நம்புகிறோம். பழைய ஸ்கூட்டரில் வரும் ஆலோசகரை வாசலோடு அனுப்பிவிடுகிறோம். அதனால் அவர் கடனில் கார் வாங்குகிறார். 5ஆம் தேதி தவணை கட்டியாக வேண்டும். இன்று 28. எதிரே இரண்டு சின்னப் பிள்ளைகளின் தகப்பன் உட்கார்ந்திருக்கிறார். அவருக்குத் தேவை, பெரிய தொகைக்கு ஆயுள் காப்பீடு தரும் டேர்ம் பாலிசி. அதில் பிரீமியம் குறைவு, கமிஷனும் குறைவு. சேமிப்பும் சேர்ந்த எண்டோமென்ட் பாலிசியில் இரண்டும் அதிகம், காப்பீட்டுத் தொகைதான் குறைவு. எந்தப் படிவம் மேசைக்கு வரும்? எண்டோமென்ட் வந்தால் கார் தவணை கட்டப்பட்டுவிடும். தகப்பன் இடையில் இறந்துபோனால், வருகிற தொகை பிள்ளைகளின் படிப்புக்குக்கூடப் போதாது.

கடன்பட்ட ஆலோசகரே, உங்கள் கஷ்டம் உண்மை. அதற்காக இன்னொரு குடும்பத்தின் பாதுகாப்பை விற்க உங்களுக்கு உரிமை கிடையாது. காரை விற்றுவிடுங்கள், வங்கியில் பேசித் தவணையைக் குறைக்கக் கேளுங்கள். அதில் அவமானம் எதுவுமில்லை.

நமக்கும் இதில் பங்கு இருக்கிறது. பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபியில் பதிவு பெற்ற முதலீட்டு ஆலோசகர் வாடிக்கையாளரிடம் கட்டணம் வாங்கலாம். அந்த வாடிக்கையாளருக்குப் பரிந்துரைக்கும் திட்டத்தில் கமிஷன் வாங்கக் கூடாது. அந்தக் கட்டணத்தைக் கொடுக்க மனமில்லாமல் இலவச ஆலோசனை தேடி ஓடுகிறோம். பிறகு அதன் விலையைக் கமிஷனாக, நமக்கே தெரியாமல் கட்டுகிறோம்.

அடுத்த முறை கையெழுத்துப் போடும் முன் ஒன்று கேளுங்கள்: “இதில் உங்களுக்கு எவ்வளவு வரும்?” நேராகப் பதில் சொல்பவர் கடனாளியாக இருந்தாலும் அவர் பேச்சைக் கேட்கலாம். மழுப்புகிறவர் கோடீஸ்வரராகவே இருந்தாலும் பேனாவை மூடிவிடுங்கள்.