பெற்ற கையும் கொடுக்கட்டும்

ஒதுக்கப்பட்டோருக்கு அளிக்கும் நிதி அவர்களை உயர்த்துகிறதா, அல்லது என்றென்றும் கையேந்த வைக்கிறதா? நலப்பணிக்கு நிதி வழங்குவோர் அனைவரும் எண்ணிப் பார்க்க வேண்டிய கேள்வி இது.

1949-ஆம் ஆண்டு, மகாராஷ்டிரத்தின் வரோராவில் பாபா ஆம்தே தொழுநோயாளர்களுக்காக ‘மகாரோகி சேவா சமிதி’யைத் தொடங்கினார். அரசு அளித்ததோ பாறையும் புதரும் மண்டிய நிலம். ஆம்தே நோயாளர்களின் கையில் மண்வெட்டியைக் கொடுத்தார். விரல் மழுங்கிய கைகள் கிணறு வெட்டின, பயிர் விளைவித்தன. ஆனந்தவனம் உருவாயிற்று. 1960-களில் அதே கைகள் ஒரு கல்லூரியையும் எழுப்பின, தங்களை ஒதுக்கிய சமுதாயத்தின் பிள்ளைகள் படிப்பதற்காக! பெற்றவர்கள் கொடுப்பவர்கள் ஆயினர்.

அப்படியானால், உழைக்க இயலாத முதியோரும் நோயுற்றோரும் உதவிக்குத் தகுதியற்றவர்களா? ஒருபோதும் இல்லை. அவர்களுக்கு நிபந்தனையின்றி ஈவதே அறம். இயன்றவருக்கோ உணவோடு பொறுப்பையும் தர வேண்டும். அதை மறுத்தால், அவருள் உறையும் ஆற்றலை அவமதித்தவர்கள் ஆவோம்.

எத்தனை பேர் பயனடைந்தனர் என்று நிதி வழங்குவோர் கேட்பது வழக்கம். அவர்களுள் எத்தனை பேர் இன்று பிறருக்கு உதவுகின்றனர் என்றும் கேட்கட்டும். கொடையின் கணக்கு அப்போதுதான் நிறைவு பெறும்.