இரவல் நூலும் ஒப்புரவும்

தானம் என்பதற்குத் தருமநூல் உரைகாரர்கள் வகுத்த இலக்கணம் கண்டிப்பானது: கொடுப்பவரின் உரிமை ஒரு பொருளை விட்டு முற்றிலும் நீங்கி, பெறுபவரின் உரிமை அப்பொருளில் தோன்றினால்தான் அது தானம். பசுவையும் நிலத்தையும் கொடுக்கும்போது இவ்விலக்கணம் இடறின்றிப் பொருந்துகிறது. ஆனால் அவ்விரண்டோடும் சேர்த்து ‘அதிதானம்’, அதாவது ஏனைய கொடைகளை விஞ்சிய கொடை, என்று போற்றப்பட்ட கல்விக்கு அது பொருந்துவதில்லை, ஏனெனில் கற்பித்தவர் தாம் கற்பித்ததை இழப்பதில்லை. இந்த இடர்ப்பாட்டை உணர்ந்ததனாலோ என்னவோ, இடைக்காலத்துத் தான நூல்கள் வித்தியாதானத்தை விளக்குமிடத்துச் சுவடியைப் படியெடுத்து வழங்கும் சடங்கையே பெரிதும் விரித்துரைக்கின்றன. சமணரும் உணவு, அடைக்கலம், மருந்து ஆகியவற்றோடு சாத்திரதானத்தை நான்காவதாக வைத்து, நூல்களைப் படியெடுத்துக் கற்போர்க்கு அளிப்பதைப் பெரும் புண்ணியமாகக் கொண்டனர். சுவடி கைமாறும் பொருள் என்பதால் அங்கே இலக்கணம் தப்பவில்லை. இரவலோ கற்பித்தல், சுவடிக்கொடை ஆகிய இவ்விரண்டிலும் சேராதது. இரவல் கொடுத்த நூலின் மீதான உரிமை நீங்குவதில்லை. பெற்றவர் அதைத் திருப்பித் தரவும் வேண்டும். அவ்வாறாயின், எழுத்தறியாத பெரியவர்களுக்குக் கற்பிக்க முன்வருபவருக்கு நூல்களையும் கற்பித்தல் கருவிகளையும் இரவலாக வழங்கும் நூலகம் எந்த அறத்தின்பாற்படும் என்ற வினா எழுகிறது.

இது ஏட்டளவில் நின்றுவிடும் வினா அன்று. சென்னையிலிருந்து கொல்கத்தா செல்லும் நெடுஞ்சாலையில், கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டைக்குத் தெற்கே அமைந்த புதுவாயலைப் போன்ற ஊர்களில் வயலும் தொழிற்சாலையும் அடுத்தடுத்து இருக்கின்றன; ஷிப்ட் முறையில் வேலைக்குச் செல்லும் ஒப்பந்தத் தொழிலாளரும், ஊரக வேலைத் திட்டப் பணிக்குச் செல்லும் பெண்களும் வாழும் இத்தகைய இடத்தில், கையெழுத்துக்குப் பதிலாகப் பெருவிரல் ரேகை வைப்பவருக்கு ஊதியச் சீட்டும் வங்கிப் படிவமும் ஆலைச் சுவரில் எழுதப்பட்ட எச்சரிக்கையும் ஒருசேர மூடிக் கிடக்கின்றன. 15 வயதைக் கடந்த எழுத்தறியாதோருக்காக ஒன்றிய அரசு 2022 முதல் 2027 வரை என வகுத்த புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம், அதற்கு முன் தமிழ்நாட்டில் ‘கற்போம் எழுதுவோம்’ என்ற பெயரில் நடந்த இயக்கத்தைப் போலவே, தன்னார்வலர்களை நம்பி நிற்கிறது. படித்த இளம்பெண்ணோ, ஓய்வு பெற்றவரோ, மகளிர் குழுவின் உறுப்பினரோ மாலையில் ஒருமணி நேரம் பெரியவர்களுக்கு எழுத்துச் சொல்லித் தருகிறார். அவருக்குத் திட்டம் அடிப்படை ஏட்டைத் தருகிறது. அந்த ஏட்டுக்கு அப்பால் அவர் கையில் என்ன இருக்கிறது என்று கேட்போர் குறைவு.

கொடுக்கக் கொடுக்கக் கல்வி குறைவதில்லை என்ற பழைய நம்பிக்கை உண்மையே ஆயினும், அந்த உண்மையிலிருந்து கற்பிப்பதற்குச் செலவே இல்லை என்ற பிழையான முடிவுக்குச் சமூகம் எளிதில் தாவிவிடுகிறது. மணிமேகலைக் காப்பியம் இதை நுட்பமாக அறிந்திருக்கிறது. மதுரையில் பசித்தோருக்கு உணவளிக்க வழியின்றித் தவித்த ஆபுத்திரனுக்கு அமுதசுரபியை அளிப்பவள் உணவின் தெய்வமோ செல்வத்தின் தெய்வமோ அல்லள், கலைமகளாகிய சிந்தாதேவி. அள்ள அள்ளக் குறையாத அப்பாத்திரமும் பின்னர் ஏற்பாரில்லாத மணிபல்லவத் தீவில் பயனற்றுப்போக, ஆபுத்திரன் அதைக் கோமுகிப் பொய்கையில் விட்டு உண்ணாநோன்பிருந்து உயிர் துறக்கிறான். குறையாத பொருளுக்கும் அது சென்று சேரும் வழி ஒன்று வேண்டும் என்பதை இதைவிடத் துயரத்தோடு சொன்ன கதை அரிது. சோழர் காலத்து நிவந்தங்களும் இதையே வேறு முறையில் காட்டுகின்றன. முதலாம் இராசேந்திரன் காலத்து எண்ணாயிரம் என்னும் ஊரின் கல்வெட்டு மாணவர்க்கும் ஆசிரியர்க்கும் உரிய நெல்லைக் கணக்கிட்டு வைக்கிறது. புதுவாயலுக்குத் தெற்கே கடலோரத்தில் உள்ள திருவொற்றியூர்க் கோயிலில் வியாகரணதான மண்டபம் என்றே பெயர் பெற்ற மண்டபம் ஒன்று இருந்தது, அங்கு இலக்கணம் தானமாகக் கற்பிக்கப்பட்டது, அதற்கென நிலம் விடப்பட்டிருந்தது. அந்த நிவந்தங்கள் பிறப்பால் வரையறுக்கப்பட்ட ஒரு சிலருக்கே உரியனவாக இருந்தன என்பதை மறைப்பதற்கில்லை. இன்று பெரியவராகிய பின் முதன்முறையாக எழுதுகோல் பிடிப்போரில் பலர், அந்த மண்டபங்களின் வாயிலில் நுழைய இயலாதிருந்தோரின் வழிவந்தவர்கள். சிலருக்குக் கற்பிக்க நிலம் விட்ட நாடு, பலருக்குக் கற்பிப்பவரை வெறுங்கையோடு அனுப்புவது முறையாகாது.

தானத்தின் இலக்கணத்துக்குள் அடங்காத இவ்வறத்துக்குத் தமிழில் வேறு இடம் உண்டு. திருக்குறளில் ஈகை அதிகாரத்துக்கு முன்னதாக ஒப்புரவறிதல் வைக்கப்பட்டுள்ளது. ஈகை வறியவராய் வந்து ஏற்போருக்குக் கொடுப்பது. ஒப்புரவோ ஊரோடு ஒத்து வாழ்பவர் தம்மிடம் உள்ளதை ஊருக்குப் பயன்படச் செய்வது. ஈகை மறுமையை நோக்கியது, ஒப்புரவு இம்மையை நோக்கியது என்று வேறுபடுத்தும் உரையாசிரியர் பரிமேலழகர், ஒப்புரவு அறநூல்களில் விதிக்கப்பட்டதன்று, உலகநடையைத் தாமே அறிந்து செய்யத்தக்கது என்றும் விளக்குகிறார். வள்ளுவர் அதற்கு உவமையாகக் காட்டும் ஊருணியில் நீர் முகப்பவர் யாரையும் இரப்பதில்லை, அவருக்கு நன்றிக்கடனும் நேர்வதில்லை. தன்னார்வ ஆசிரியர் நூலகத்தில் இரவல் பெறுவதும் இவ்வகையினதே. அவருக்கு நூல் தருவதைக் கருணையாக எண்ணும் மனப்பாங்கு அவரையும் அவரிடம் கற்பவரையும் ஒருங்கே தாழ்த்துகிறது.

பொதுவுடைமையாகிய பொருளின் உரிமை யாருடையது என்பதைப் பௌத்த வினயம், அதாவது துறவியர் ஒழுக்கநூல், மேலும் தெளிவாக்குகிறது. விகாரை, கட்டில் போன்ற நிலைத்த உடைமைகள் எந்தத் தனித் துறவிக்கும், ஏன், அன்றைக்குக் கூடியிருக்கும் சங்கத்துக்குமே சொந்தமல்ல. அவை நாற்றிசைச் சங்கத்துக்கு, வந்துவிட்டோருக்கும் இனி வரப்போவோருக்கும், உரியவை. ஆகவே அவற்றைப் பயன்படுத்தலாம், பங்கிட்டுக்கொள்ளலாகாது. இரவல் நூலைத் திருப்பித் தரும் கடமைக்கு இதைவிட வலுவான விளக்கம் கிடைப்பது கடினம். தண்டத்தொகைக்கு அஞ்சித் திருப்பித் தருவது நிருவாகத்தின் பாற்பட்டது. இன்னும் முகமறியாத ஒருவர் அதே நூலுக்காக வருவார் என்று எண்ணித் தருவது அறத்தின் பாற்பட்டது. சீர்காழியில் பிறந்த சீ. இரா. அரங்கநாதன் 1931இல் வெளியிட்ட நூலக அறிவியலின் ஐந்து விதிகளில், நூல்கள் பயன்பாட்டுக்கே என்னும் முதல் விதியும் நூலகம் வளரும் உயிரி என்னும் ஐந்தாம் விதியும் இக்கருத்துக்கு மிக அணுக்கமானவை. அதே ஆண்டில் மன்னார்குடிப் பகுதியில் கனகசபைப் பிள்ளை மாட்டுவண்டியில் நூல்களை ஏற்றிச் சிற்றூர்களுக்கு அனுப்பியது, படிக்க வருவோருக்காகக் காத்திராமல் அவர்களைத் தேடிச் சென்ற முயற்சி. 1948ஆம் ஆண்டின் சென்னைப் பொது நூலகச் சட்டம் ஒப்புரவை வரியாகவே ஆக்கிற்று: சொத்துவரியோடு சேர்த்து வாங்கப்படும் நூலக வரியால் ஊர்ப்புற நூலகமும் வீடுடைய ஒவ்வொருவரின் பங்களிப்பில் நிற்கிறது.

எனினும் பொது நூலகத்தின் அலமாரி பெரும்பாலும் ஏற்கெனவே படிக்கத் தெரிந்தவரை எண்ணி அடுக்கப்பட்டது. முதியோர்க்குக் கற்பிப்பவருக்குத் தேவையானவை வேறு: பெரிய எழுத்தில் அச்சிட்ட சிறு வாசிப்பு நூல்கள், சுவரில் மாட்டும் எழுத்து அட்டைகள், கூட்டல் கழித்தலுக்கான கருவிகள், கற்பவர் வயதுக்கு ஏற்ற உரையாடலைத் தொடங்க உதவும் படங்கள், இவற்றையெல்லாம் எப்படிக் கையாள்வது என்று சொல்லும் ஆசிரியர் கையேடு. குழந்தைப் பாடநூலை ஐம்பது வயதுப் பெண்ணின் முன் விரிப்பது அவரை அவமதிப்பதாகும். வெல்தி ஃபிஷர் 1953இல் தொடங்கிய, பின்னர் லக்னோவில் நிலைகொண்ட எழுத்தறிவு இல்லம் தகரப் பெட்டியில் நூல்களை இட்டு ஆசிரியர்களிடம் கொடுத்தனுப்பியது இத்தேவையை உணர்ந்த செயல். 1988இல் தொடங்கிய தேசிய எழுத்தறிவு இயக்கம் அமைத்த மக்கள் கல்வி நிலையங்களும் பின்வந்த தொடர்கல்வி மையங்களும் புதிதாக எழுத்தறிந்தோருக்கு நூல் இரவல் தந்தன. திட்டக்காலம் முடிந்ததும் அத்தகைய மையங்கள் தளர்ந்துபோனதற்குக் காரணம், அவற்றைக் காலவரையறை கொண்ட உதவியாகக் கருதியதே அன்றி, ஊரின் நிலைத்த உடைமையாகக் கருதாததே.

இலக்கண நூலாகிய நன்னூல், ஆசிரியராகத் தகாதவரைச் சொல்லும்போது பருத்திக் குண்டிகையை உவமை காட்டுகிறது: பஞ்சடைத்த குடுக்கையிலிருந்து சிறிது சிறிதாகவே பஞ்சு வெளிவருவதுபோல, வருந்திச் சிறிதளவே தரும் ஆசிரியர். அந்நூலை இயற்றிய பவணந்தி முனிவர் அதை மனத்தின் குறையாகக் கொண்டார். இன்றைய தன்னார்வலரிடம் அதே தோற்றம் காணப்படுமாயின், காரணம் பெரும்பாலும் மனமன்று, கையிருப்பு. தாம் பயிற்சி பெறாத பணியை நல்லெண்ணத்தால் மட்டும் ஏற்றவர் மூன்றாம் வாரத்தில் சொல்ல ஒன்றுமின்றி நிற்பது அவருடைய குற்றமாகாது.

நூல் தொலைந்தால் யார் பொறுப்பு என்ற தயக்கம் இத்தகைய நூலகங்களைப் பூட்டி வைக்கப் போதுமான காரணமாக அடிக்கடி சொல்லப்படுகிறது. வேலை தேடி ஊர்விட்டு ஊர் செல்லும் மக்களிடையே சில நூல்கள் திரும்பாமல் போகவே செய்யும். ஊருணி நீர் வெயிலில் வற்றுவதை எண்ணி எவரும் அதற்கு மூடியிடுவதில்லை. தேய்ந்தும் கிழிந்தும் திரும்பும் கையேடு தன் பணியைச் செய்தது. அதற்கு மாற்றுப் படி வாங்குவதை நூலகத்தின் ஆண்டுச் செலவில் சேர்ப்பதே தக்கது.

இவ்வட்டாரத்தில் இன்னும் கடினமான சோதனை ஒன்று உண்டு. கும்மிடிப்பூண்டி ஆலைகளில் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த தொழிலாளர் பலர் வேலை செய்கின்றனர். அவர்களுள் எழுத்தறியாதோர் கற்க விரும்பினால் ஒடியாவிலோ இந்தியிலோ தொடங்குவதா, தங்கியிருக்கும் ஊரின் தமிழில் தொடங்குவதா என்ற வினா ஆசிரியர் முன் நிற்கும். இரண்டுக்கும் உரிய ஏடுகள் ஒரே அலமாரியில் இருந்தாலன்றி அவர் கற்பவரின் விருப்பத்தைக் கேட்கவே இயலாது. நாற்றிசையோருக்கும், இனி வரப்போவோருக்கும் உரியது என்ற வினயத்தின் விதியைப் புதுவாயலின் நூலகம் ஏற்குமாயின், அதன் இரவல் பதிவேட்டில் அந்த ஏடுகளுக்கும் இப்போதே வரிசை எண் இடப்பட வேண்டும்.